கட்டில் பாதை

நம்பினா நம்புங்க, நம்பாட்டி இந்தச் சாயாவைக் குடிச்சிட்டுக் கிளம்புங்க, எனக்கு வருத்தம் ஒண்ணும் கிடையாது. உங்க இடத்துல நான் இருந்தா நானே நம்பியிருக்க மாட்டேன். பேய், ஆவி, மாடன், இசக்கின்னு யாராவது ஆரம்பிச்சாலே எனக்குச் சிரிப்புதான் வரும். எங்க வீடு தலைமுறை தலைமுறையா சபைக்குப் போற கிறிஸ்தவ வீடு, ஆனா அதனாலன்னு சொல்ல மாட்டேன், சபையிலயும் பிசாசைப் பத்திப் பேசாம உறக்கம் வராதவங்க உண்டு. என் தொழில் அப்படி. கருங்கல் சந்தைக்குப் பக்கத்துல ஃப்ளெக்ஸ் கடை வச்சிருக்கேன். இந்தச் சுத்துவட்டாரத்துல நிக்கிற கண்ணீர் அஞ்சலி போர்டுல பாதி என் கடையில அடிச்சதுதான். செத்தவங்க போட்டோவை கம்ப்யூட்டர்ல போட்டு, முகத்தை வெளுக்க வச்சு, நரையை மறைச்சு, வேற ஒருத்தர் கோட்டை எடுத்து மாட்டி விட்டு, என்னென்னமோ பண்ணியிருக்கேன். அவங்களால திரும்பி வர முடியும்னா முதல்ல என் கடைக்குத்தான் சண்டைக்கு வந்திருப்பாங்க. இதுவரைக்கும் ஒருத்தரும் வரல.

சிவதாணு அப்படிக் கிடையாது. அவன் வெல்டர். போர்டு நான் அடிப்பேன், அதுக்கு இரும்புச் சட்டம் அவன் அடிப்பான், ரெண்டு பேரும் சேர்ந்து போய் நட்டுட்டு வருவோம். ஊரு பூதப்பாண்டிப் பக்கம், சுத்தி வயலு, விவசாயக் குடும்பம். அண்ணன்மாரெல்லாம் ஆபீஸ் வேலைக்குப் போயிட்டாங்க, இவன் மட்டும் கல்ஃப்ல கொஞ்ச காலம் இருந்து தொழிலைக் கத்துக்கிட்டு வந்தான். நெத்தி நிறைய திருநீறு. வழியில எந்தச் சாமியைக் கண்டாலும் வண்டியை மெதுவாக்கிக் கன்னத்துல போட்டுக்குவான், ரோட்டோரம் சிலுவை நட்ட குருசடியைக் கூட விட மாட்டான். ஏலே, அது நானே கும்பிடாத இடம்னு சொன்னா, உனக்கும் சேர்த்துத்தான் மக்கா போடுகேன்னு சொல்லுவான். எனக்குக் கூடப் பிறந்தவங்க யாரும் இல்லை. எது ஒண்ணுன்னாலும் இவன்தான். அதை இப்பவே சொல்லிடுறேன், ஏன்னா இந்தக் கதையில எனக்கு வேற கவலையே கிடையாது, அவன் பிழைச்சானா இல்லையாங்கிறது ஒண்ணுதான்.

திற்பரப்புக்கு நீங்க போயிருப்பீங்க. போகாதவங்க யாரு. அதுக்கும் மேல, ரப்பர் எஸ்டேட்டெல்லாம் தாண்டி மலைக்குள்ள இன்னொரு அருவி இருக்கு. பேரு சொல்ல மாட்டேன், சொன்னா வர்ற ஞாயித்துக்கிழமையே பிரியாணிப் பொட்டலத்தோட அங்க போய் நிப்பீங்க. அந்த அருவி ஓரமா மேல இருந்து கீழ தார் ரோடு வரைக்கும் ஒரு பழைய பாதை இறங்குது. அதைச் சரிபண்ணி, படி கட்டி, கைப்பிடி வச்சு, டூரிஸ்ட்டுங்க நடக்கிற பாதையா ஆக்குற வேலை நடந்துக்கிட்டிருந்தது. பாறை வழுக்கும், குப்பை போடாதீர், குளிக்கக் கூடாதுன்னு வைக்கிற போர்டு வேலை எனக்கு வந்துச்சு. அதோட கூட ஒரு பெரிய போர்டு, பாதையின் வரலாறு. என்ன வரலாறுன்னு காண்ட்ராக்டர்கிட்ட கேட்டா, அது நீயே நாலு பேருகிட்ட விசாரிச்சு ரெண்டு வரி போட்டுருன்னு சொல்லிட்டாரு. நல்ல மனுஷன், ஆனா இப்படித்தான்.

சரின்னு விசாரிச்சேன். குலசேகரத்துல ஒரு சாயாக்கடையில உக்காந்து கேட்டது எவ்வளவு பெரிய தப்புன்னு அப்புறம்தான் தெரிஞ்சது. ஒருத்தரு வெள்ளைக்காரத் துரை குதிரையில போன பாதைன்னாரு. இன்னொருத்தரு, குதிரையாவது கழுதையாவது, அது காப்பி மூட்டை இறக்கின பாதைன்னாரு. மூணாவது ஆளு, மிஷன் காலத்துல உபதேசியாருங்க பைபிளைத் தலையில கட்டிக்கிட்டு ஏறின பாதைன்னாரு. அவரு எங்க ஆளுன்னு உடனே தெரிஞ்சிபோச்சு. நாலாவது ஒருத்தரு, அதுக்கெல்லாம் முன்னாடியே காட்டுல வாழுற காணிக்காரங்க தேன் கொண்டு வந்த வழின்னு சொல்லிட்டு எழுந்து போயிட்டாரு. எல்லாருமே கண்ணால பாத்த மாதிரி சொன்னாங்க.

நாங்க மேல போனது ஐப்பசி மழைக்காலம். காலையில மழை விட்டிருந்ததால, எஸ்டேட் ரோடு வழியா, அதாவது மலைக்கு மறுபக்கம் சுத்திக்கிட்டு, சின்ன வேன்ல சட்டத்தையெல்லாம் ஏத்திக்கிட்டுப் போயிட்டோம். பாதை தொடங்குற இடத்துல தங்கையன்னு ஒருத்தரு வீடு. ரப்பர் வெட்டுகாரரு. அவரு மனைவி லீலா, அவங்களும் வெட்டுத் தொழிலுதான். மழைன்னா பால் வெட்டு கிடையாது, அதனால ரெண்டு பேரும் வீட்டுல இருந்தாங்க. கட்டன் சாயா போட்டுத் தந்தாங்க. நான் வழக்கம்போல என் கேள்வியை எடுத்து விட்டேன், இந்தப் பாதை எதுக்கு வந்ததுன்னு. குதிரை, காப்பி, பைபிள், தேன் நாலையும் சொன்னேன். தங்கையன் சிரிச்சாரு.

அவரு சொன்னது இதுதான். அதெல்லாம் இருக்கும், ஆனா இங்க உள்ளவங்க இதைக் கட்டில் பாதைன்னுதான் சொல்லுவாங்களாம். எஸ்டேட் ரோடு வந்தது அவரு கல்யாணத்துக்கு அப்புறம்தான். அதுக்கு முன்னாடி மேல இருக்கிறவங்களுக்குக் காய்ச்சலோ பேறுகால வலியோ பாம்புக்கடியோ எது வந்தாலும், நார்க்கட்டில்ல படுக்க வச்சு நாலு பேரு தோள்ல தூக்கி இந்த வழியாத்தான் இறக்குவாங்க. செத்தவங்களும் இதே வழிதான், இதே கட்டில்தான். ரெண்டுக்கும் ஒரே ஒரு வித்தியாசம். செத்தவங்களை இளைப்பாறுற பாறையில இறக்கி வைக்கலாம். உயிரோட இருக்கிறவங்க கட்டில், கீழ ரோடு போய்ச் சேர்ற வரைக்கும் தரையைத் தொடவே கூடாது. தோள் பிஞ்சு போனாலும் நின்னுக்கிட்டுத்தான் இளைப்பாறணும். அது இங்க உள்ள முறை. சிவதாணு வாயைத் திறந்து வச்சுக்கிட்டுக் கேட்டான். நான் மனசுக்குள்ள, இதைப் போர்டுல போட்டா டூரிஸ்ட்டு ஒருத்தன் வருவானான்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்.

மத்தியானம் சாப்பிட்டு முடிச்சதும் மழை பிடிச்சுக்கிச்சு. முதல் சட்டத்துக்குப் பாதிக் குழி எடுத்திருந்தோம், நனைஞ்சாலும் பரவாயில்லை, இதை மட்டும் நட்டுட்டுப் போயிருவோம்னு சிவதாணுதான் சொன்னான். கடப்பாரையை ரெண்டு தடவை போட்டான். மூணாவது தடவை ஓங்கினவன் அப்படியே அதைச் சாய்ச்சு வச்சிட்டு, பாறையில உக்காந்தான். என்னலேன்னு கேட்டேன். ஒண்ணுமில்ல, வாயுன்னான். முகத்தைப் பாத்தா மழையில நனைஞ்சது வேற, வேர்த்தது வேறன்னு தெரியுது. இடது கையைப் பிடிச்சுக்கிட்டான். எங்க அப்பா இப்படித்தான் உக்காந்தாரு, அதுக்கப்புறம் எழும்பவே இல்லை.

தாங்கிப் பிடிச்சுத் தங்கையன் வீட்டுக்குக் கொண்டு போனோம். வேனை எடுக்கப் போனா, எஸ்டேட் ரோட்டுல ஒரு பெரிய மரம் குறுக்க விழுந்து கிடக்குது. மழையில அதை வெட்டி மாத்தணும்னா சாயங்காலம் ஆயிரும். வீட்டுக்குப் பின்னால ஒரு பாறை மேல ஏறி நின்னா மட்டும்தான் போன்ல டவர் கிடைக்கும், லீலா அங்க போய் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டு வந்தாங்க. ஆம்புலன்ஸும் கீழ தார் ரோடு வரைக்கும்தான் வர முடியும். தங்கையன் உள்ள போயி நார்க்கட்டிலை எடுத்துட்டு வந்தாரு. அதைப் பாத்ததும் சிவதாணு கண்ணை மூடிக்கிட்டான். நான் நடக்கேன்னு சொன்னான். பேசாம படுலேன்னு சத்தம் போட்டேன், சத்தம் போடாட்டி அழுதிருப்பேன்.

இங்கதான் நீங்க கவனமா கேக்கணும். லீலாவோட சேலையை வச்சு அவனைக் கட்டிலோட கட்டினோம். மழைக்கு மேல மூட ஒண்ணும் இல்லை, வேன்ல சட்டத்தைச் சுத்தியிருந்த பழைய ஃப்ளெக்ஸை எடுத்து விரிச்சேன், ஏதோ ஒரு கல்யாண போர்டு. மாப்பிள்ளையும் பொண்ணும் மழையில சிரிச்சுக்கிட்டே இருக்காங்க, ஃப்ளெக்ஸ் ரெண்டு பக்கமும் கூடாரமாட்டு தொங்குது. கால் பக்கம் முன்னால, தலைப் பக்கம் பின்னால. முன்னால இடது மூலைக்கு நான், வலது மூலைக்குத் தங்கையன். பின்னால இடது மூலைக்கு லீலா. நாலாவது மூலைக்கு ஆள் வேணும். கொஞ்சம் தள்ளி ரப்பர் ஷீட் அடிக்கிற கொட்டகையில ஞானமுத்துன்னு பக்கத்து வீட்டுக்காரர் இருந்தாரு. தங்கையன் அவரைக் கூப்பிட்டாரு. தூக்குங்க, வாறேன்னு கொட்டகையில இருந்து சத்தம் வந்துச்சு. எங்க மூணு பேருக்குமே அது கேட்டுச்சு. தங்கையன், பிடிங்கன்னு சொன்னாரு, நான் முன்பக்கம் பாத்துத் திரும்பி நின்னு என் மூலையைத் தூக்கித் தோள்ல வச்சேன். கட்டில் சாயாம எழும்பிச்சு. நாலு மூலையும் ஒண்ணா எழும்பிச்சு. அப்புறம் யாரு திரும்பிப் பாக்குறா.

இறங்கினோம். கீழ் பாதியிலதான் படி கட்டியிருந்தாங்க, மேல் பாதி பழைய பாதைதான், வேரும் பாறையும் சேறும். வலது பக்கம் அருவி, இடது பக்கம் மலை. மழையில தண்ணி கூடிப்போயி அந்தச் சத்தத்துல பக்கத்துல நிக்கிறவன் பேசுறதே கேக்காது. முன்னால போறவனுக்கு வேலை என்னன்னா, கட்டில் கீழ சரியாம இருக்கத் தோளுக்கு மேல கையால தாங்கிப் பிடிக்கணும். பின்னால வர்றவங்க குனிஞ்சு நடக்கணும். அருவி ஓரத்துல ஒரு இடத்துல பாறை பாசி பிடிச்சுக் கிடந்துச்சு, எனக்குக் கால் வழுக்கி முழங்கால் போய்ப் பாறையில அடிச்சுது. நான் அப்படியே உக்காந்துட்டேன். என் மூலையை விட்டுட்டேன்னு நினைச்சேன். ஆனா கட்டில் ஒரு விரக்கடை கூடச் சரியல. மத்த மூணு மூலையும் அப்படியே நிக்குது. ஞானமுத்துவுக்கு நல்ல பலம்தான்னு நினைச்சுக்கிட்டு எழும்பி மறுபடி தோளைக் குடுத்தேன்.

பாதி வழியில இளைப்பாறுற பாறை வந்துச்சு, அகலமா, சப்பையா இருக்கும், அருவி கொஞ்சம் தள்ளிப் போயிருந்ததால சத்தமும் குறைவு. எனக்குத் தோள் நெருப்பா எரியுது. ஒரு நிமிஷம் இறக்கி வைப்போம்னு கெஞ்சினேன். கூடாதுன்னாரு தங்கையன். இப்ப இதெல்லாம் பாக்கிற நேரமாய்யான்னு கத்தினேன். அவரு திரும்பிக் கூடப் பாக்காம, நின்னுக்கோ, மூச்சு வாங்கிக்கோ, இறக்க மட்டும் சொல்லாதன்னாரு. நின்னோம். அந்த நேரத்துல ஃப்ளெக்ஸுக்கு அடியில இருந்து சிவதாணு பேசுறது கேட்டுச்சு. வேண்டாம்னான். கொஞ்சம் விட்டு மறுபடியும், வேண்டாம்னான். நான் இறக்கச் சொன்னதுக்குத்தான் பதில் சொல்றான்னு நினைச்சு, இல்லலே, இறக்கல, நீ சும்மா படுன்னேன். எனக்கு அழுகை வந்திருச்சு. மழைங்கிறதால யாருக்கும் தெரியல.

கீழ ரோட்டுக்கு வந்தப்போ ஆம்புலன்ஸ் நின்னுச்சு. இறக்குங்க இறக்குங்கன்னு அந்தத் தம்பி ஸ்ட்ரெச்சரோட ஓடி வந்தாரு. நான் திரும்பி என் மூலையைத் தரையில வச்சேன். தங்கையன் வச்சாரு. லீலா வச்சாங்க. ஆனா கட்டிலோட நாலாவது கால், தலைமாட்டுல வலது பக்கத்துக் கால், தரையில படாம ஒரு சாண் உயரத்துல நிக்குது. யாரோ பிடிச்சிருக்காங்கன்னுதான் உங்களுக்கும் தோணும், எனக்கும் அப்படித்தான் தோணிச்சு. சேலையை அவுத்து, சிவதாணுவை ஸ்ட்ரெச்சருக்கு மாத்தினாங்க. அவன் முதுகு கட்டிலை விட்டதும் அந்தக் கால் தொப்புன்னு கீழ விழுந்துச்சு. அந்தப் பக்கம் பாத்தேன். யாரும் இல்லை. ஒதுங்கி நின்னிருப்பாருன்னு நினைச்சுக்கிட்டு ஆம்புலன்ஸ்ல ஏறிட்டேன். எனக்கு அப்போ அவன் முகத்தைத் தவிர வேற ஒண்ணும் கண்ணுல படல.

பிழைச்சுக்கிட்டான். அடைப்பு எடுத்தாங்க, ஸ்டென்ட் வச்சாங்க. நல்ல சமயத்துல கொண்டு வந்தீங்கன்னு டாக்டர் சொன்னாரு. அவன் மனைவி பகவதி என் கையைப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்லை. அவனைச் சாதா வார்டுக்கு மாத்தினதுக்கு அப்புறம்தான் எனக்குச் சாப்பாடே இறங்கிச்சு.

லீலாவோட சேலையைக் குடுக்கணும், தூக்கினவங்களுக்கு ஒரு நன்றி சொல்லணும், வேனையும் எடுத்துட்டு வரணும். நல்ல ஏத்தன் பழக்குலை ஒண்ணு வாங்கிக்கிட்டு மேல போனேன். ரோட்டுல மரத்தை மாத்தியிருந்தாங்க. ஞானமுத்துவும் தங்கையன் வீட்டுலதான் இருந்தாரு. பழத்தைச் சீப்பு சீப்பா வெட்டி அவரு பங்கை நீட்டினேன். அவரு கூச்சப்பட்டுக் கையைப் பின்னால இழுத்துக்கிட்டாரு.

"எனக்கெதுக்கு அண்ணாச்சி? நான் எங்க தூக்கினேன்?"

விளையாடாதீங்கன்னேன். அவரு விளையாடல. வாறேன்னு சத்தம் குடுத்தது அவருதான். ஆனா மெஷின்ல பாதி ஷீட் மாட்டிக் கிடந்துச்சாம், அதை எடுத்துட்டு ஓடி வர்றதுக்குள்ள நாங்க கிளம்பிட்டோம். பின்னாலயே இறங்கியிருக்காரு. மேல் வளைவுல நின்னு பாத்தா, கட்டில் போகுது, நாலு பேரு தூக்கிக்கிட்டுப் போறாங்க. பின்னால இடது பக்கம் லீலா, வலது பக்கம் தலையில துண்டு கட்டின ஒரு ஆளு. அது நான்னு நினைச்சிருக்காரு. அப்போ சிவதாணு கூட வேற ஒரு வேலைக்காரர் வந்திருப்பாரு, அவருதான் தங்கையனோட முன்னால போறாருன்னு கணக்குப் போட்டுக்கிட்டாரு.

"கூப்பிட்டிருக்கலாமே"ன்னேன்.

"கட்டில் போறப்ப பின்னால நின்னு விளிக்கக் கூடாதுல்லா. நாலு பேரு இருக்காவளே, பின்ன எதுக்குன்னு நான் பைய வந்தேன். வந்து பாத்தா நீங்க வண்டியில போயாச்சு."

நான் அன்னைக்குத் தலையில துண்டு கட்டல. தொப்பி போட்டிருந்தேன், கடை பேரு போட்ட தொப்பி. லீலாவைப் பாத்தேன். அவங்களுக்கு அது அப்பவே தெரிஞ்சிருந்துச்சோ என்னவோ. ஃப்ளெக்ஸ் தொங்கினதால அந்தப் பக்கம் ஆளு தெரியல, அருவிச் சத்தம் குறைஞ்ச இடத்துல கால் வைக்கிற சத்தம் மட்டும் கேட்டுச்சு, செருப்பில்லாத கால்னு சொன்னாங்க. எத்தனையோ கட்டில் தூக்கியிருக்கேன், பின்னால எனக்கு இவ்வளவு பாரம் குறைஞ்சு எப்பவும் இருந்ததில்லைன்னாங்க. தங்கையன் பழத்தை உரிச்சுக்கிட்டே, நாலு பேரு வேணும்னா நாலு பேரு வந்திருவாங்க, எங்க அப்பா காலத்துலயும் இப்படித்தான்னு சொல்லிட்டு, மழை விட்டா வெட்டுக்குப் போகலாம்னு வேற பேச்சுக்குப் போயிட்டாரு. எனக்குக் கோவம் வந்துச்சு. பயத்தைத்தான் கோவம்னு சொல்றேன். வேனை எடுத்துக்கிட்டு அந்த மலை ரோட்டுல வந்த வேகத்துக்கு என்னையும் கட்டில்ல தூக்கியிருக்கணும்.

அதுக்கப்புறம் நான் புத்தியைப் பயன்படுத்தினேன். மூணு பேரால ஒரு கட்டிலைத் தூக்க முடியாதுன்னு சட்டமா இருக்கு? பதட்டத்துல மனுஷனுக்குப் பத்து ஆளு பலம் வரும். ஞானமுத்து மழையில தூரத்துல இருந்து பாத்தாரு, ஃப்ளெக்ஸ்ல இருந்த மாப்பிள்ளையைப் பாத்துட்டு ஆளுன்னு நினைச்சிருப்பாரு. கட்டில் கால் ஏதாவது கல்லுல முட்டி நின்னிருக்கும். இப்படி ஒவ்வொண்ணுக்கும் ஒரு பதில் வச்சுக்கிட்டேன். வரலாறு போர்டையும் அடிச்சு வச்சாச்சு. கட்டில் பாதைன்னு போடலாமான்னு காண்ட்ராக்டர்கிட்ட கேட்டேன், அவரு என்னை மேலயும் கீழயும் பாத்தாரு. கடைசியில, மலை மக்கள் பண்டைக் காலம் முதல் பயன்படுத்திய பாதைன்னு போட்டேன். அந்த இளைப்பாறுற பாறையில இப்போ ஜனங்க உக்காந்து செல்ஃபி எடுக்குறாங்க.

சிவதாணு பட்டறைக்கு வர்றதில்லை, ஆள் வச்சுப் பாத்துக்கிறான். ஞாயித்துக்கிழமை சபை முடிஞ்சதும் நான் அவன் வீட்டுக்குப் போறது வழக்கம். ஒரு நாள் போனப்போ முன் அறையில கட்டில்ல படுத்துக்கிட்டு டிவி பாத்துக்கிட்டிருந்தான். நல்ல தேக்குக் கட்டில், அவன் மாமனார் வீட்டுச் சீதனம். நான் நாற்காலியில உக்காந்தேன். பகவதி வாரியலால தரையைப் பெருக்கித் தூத்துக்கிட்டு வந்தா. தலைமாட்டுல வலது கால் பக்கம் வந்ததும் வாரியலை அந்தக் காலுக்கு அடியில விட்டு அந்தப் பக்கமா இழுத்தா. தூசியெல்லாம் வந்துச்சு. கட்டில் காலுக்குப் பக்கத்துல இல்லைங்க, அடியில. நான் பாக்கிறதைப் பாத்துட்டு அவ சிரிச்சுக்கிட்டே சொன்னா.

"இவரு எழும்பதுக்கு முன்ன இந்த மூலையைத் தூத்திரணும் அண்ணே. எழும்பிட்டா பின்ன வாரியல் போவாது. தரை சரியில்லன்னு நெனைக்கேன். ஆசாரியைக் கூட்டி வந்து காட்டியாச்சு, காலு நாலும் ஒரே அளவுதான்னு சொல்லுகாரு."

அவ அடுக்களைக்குப் போன பிறகு நான் குனிஞ்சு பாத்தேன். வெக்கமா இருந்துச்சு, ஆனா பாத்தேன். மத்த மூணு காலும் தரையில இருக்கு. அது மட்டும் தரையைத் தொடல, ஒரு விரல் இடைவெளி. எடை முழுக்க அந்தப் பக்கம்தான் இருக்கு, அவன் தலை அங்கதான் இருக்கு. நான் நிமிர்ந்தப்போ சிவதாணு டிவியைப் பாக்கல, என்னைப் பாத்துக்கிட்டிருந்தான்.

"பாத்தாச்சா?"

அவன் டிவி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வச்சான், பகவதிக்குக் கேக்கக் கூடாதுன்னு.

"வழி நெடுக கேட்டுக்கிட்டே வந்தாரு மக்கா. எறக்கட்டா, எறக்கட்டான்னு. நான் வேண்டாம் வேண்டாம்னு சொல்லிட்டே வந்தேன்."

யாருன்னு கேட்டேன். முகத்தைப் பாக்கலன்னான், தலைக்கு மேல கொஞ்சம் கண்ணைத் தூக்கினா பாத்திருக்கலாம், தூக்கல. குரல் எப்படின்னு கேட்டேன். சாதாரணக் குரல்னான். வேலை செஞ்சு களைச்ச ஆளு குரல். ரோட்டுக்கு வந்த பிறகும் கேட்டாரு, அப்பவும் வேண்டாம்னுதான் சொன்னேன்னான். இப்போ நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம். ஆனா கேட்டுட்டேன்.

"இப்பவும் கேக்காரா?"

"உறக்கம் வாற நேரத்துல கேப்பாரு. தினமும் இல்ல. மரியாதையாட்டுதான் கேக்காரு. பாவம், அவருக்கும் தோளு வலிக்கும்லா."

அவன் சிரிக்கிற மாதிரி இருந்துச்சு, ஆனா கண்ணு நிறைஞ்சிருந்துச்சு. சாவுக்குப் பயமில்லைன்னு சொன்னான். பொய். மகளுக்கு இன்னும் கல்யாணம் ஆகல, அவனுக்கு எப்படிப் பயமில்லாம இருக்கும். அப்புறம் அவனே, என் பயம் அது இல்ல மக்கா, பாதி உறக்கத்துல தெரியாத்தனமா ம்னு சொல்லிருவேனோன்னுதான்னு சொன்னான். நம்ம ஊருல யாரு என்ன கேட்டாலும் வாயில இருந்து முதல்ல வர்றது அதுதானே.

ஜெபம் பண்றேன்னு சொன்னேன். அவன் நம்ம ரெண்டு பேரு சாமிகிட்டயும் சொல்லுன்னான். பண்றேன், தினமும் பண்றேன், ஆனா யாருக்காகப் பண்றேன்னு எனக்கே சில நாள் குழப்பமா இருக்கு. அவனுக்காகவா, இல்ல இத்தனை நாளா இறக்கி வைக்காம நிக்கிற அந்த மனுஷனுக்காகவான்னு.

நீங்க சிரிச்சாலும் சரி. வேணும்னா அவன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன், வாரியலை நீங்களே விட்டுப் பாருங்க. ஆனா அவன்கிட்ட ம்னு பதில் வர்ற மாதிரி எதுவும் கேக்காதீங்க. அவன் இப்போ யாரு எது கேட்டாலும் ம்னு சொல்றதில்லை. சரின்னும் சொல்றதில்லை. சாப்பிட்டியான்னு கேட்டா, சாப்பிட்டேன்னு முழுசா சொல்லுவான். நேத்து சாயங்காலம் போன்ல பேசினோம், புது வேலை ஒண்ணு வந்திருக்குன்னு சொன்னேன், நல்லாத்தான் பேசினான். கடைசியில பழக்க தோஷத்துல, வைக்கட்டா மக்கான்னு கேட்டுட்டேன். அவன் பேசல. மூச்சு விடுற சத்தம் மட்டும் கேட்டுச்சு. அவன் ஒண்ணும் சொல்ல மாட்டான்னு எனக்குத் தெரியும், நான்தான் கட் பண்ணணும். ஆனா கை வரல. ரெண்டு பேரும் அப்படியே போனைப் பிடிச்சுக்கிட்டு இருந்தோம், பகவதி வந்து வாங்கி வைக்கிற வரைக்கும்.